எடுக்காமல் விட்ட ராணி

எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா? முட்டிவலிக்காரர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், சர்க்கரைக்காரர்கள் மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். கொஞ்சம் நீளமான விஷயம். போன மாதம் கண்ணுக்குச் சொட்டுமருந்து சொன்னவர்களுக்கு நன்றி, இப்போது எழுத்து இரண்டிரண்டாகத் தெரிவதில்லை. தெளிவாகத் தெரிவதால்தான் இதை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் போன வருஷம்தான் சதுரங்கப் பைத்தியம் பிடித்தது. நாற்பத்தைந்து வயதில் அம்மை போட்டால் கொஞ்சம் கடுமையாகத்தான் போடும். சாப்பிட்டு முடித்ததும் கையில் கைபேசியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அத்தை, உங்களை வலையில புடிச்சுட்டேன்."

"நான் என்ன மீனா மாப்பிள்ளை?"

"உங்க பழைய ஆட்டம். பழைய போட்டிப் புத்தகத்தையெல்லாம் யாரோ உக்காந்து கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காங்க. உங்க பேரைப் போட்டேன், முப்பத்தோரு ஆட்டம் வந்துச்சு. இதைப் பாருங்க."

பார்த்தேன். முதல் நான்கு நகர்த்தலிலேயே எந்த ஆட்டம் என்று தெரிந்துவிட்டது.  மாப்பிள்ளை விரலால் தள்ளிக்கொண்டே போனார். திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு; யார் கை ஓங்கியிருக்கிறது என்று யந்திரம் அதில் காட்டுமாம். எட்டாவது நகர்த்தலில் அது கிடுகிடுவென்று உச்சிக்கு ஏறியது. ஒன்பதாவதில் பொத்தென்று நடுவுக்கு விழுந்தது.

"அத்தை, என்ன இது? ராணியைத் தட்டுல வெச்சு நீட்டியிருக்காங்க, நீங்க வேண்டாம்னு சொல்லிட்டுக் கோட்டை கட்டியிருக்கீங்க. நானே எடுத்திருப்பேனே."

என் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அம்மா அன்னைக்குக் கண்ணாடி போடலியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "பாக்கலை மாப்பிள்ளை. அப்படியும் ஒரு நாள் ஆகும்," என்றேன்.

அந்த வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் சுரீரென்றது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வேறொருத்தியிடம் இதையேதான் சொன்னேன். 'பாக்கலை.' இத்தனை வருஷத்தில் பல் போயிற்று, முடி போயிற்று, அந்தப் பொய் மட்டும் ஓர் எழுத்துக்கூடத் தேயாமல் அப்படியே இருக்கிறது.

நான் அப்போது தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்தேன். காதில் கருவி, முன்னால் துளைகள் வைத்த பலகை, கையில் ஒயர். ஆட்டக்காரர்கள் மத்தியில் எனக்கு 'டெலிபோன்' என்றுதான் பெயர். மகளிர் அணியில் ஆறு வருஷமாக இருந்தேன். அணியில் இருந்தால்தான் அலுவலகத்தில் விளையாட்டு விடுப்பு. என் மாமியார் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "டீம்ல இருக்கிற வரைக்கும் உன் பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன். டீம்ல இல்லேன்னா செஸ் பொட்டியைக் கட்டி மேல போட்டுடு, என்னைக் கேக்காதே." கெட்ட மனுஷி இல்லை. ஒரு பேச்சு என்றால் ஒரு பேச்சு. ஆக, அணியிலிருந்து விழுந்தால் எனக்கு ஆட்டமே போயிற்று என்று அர்த்தம்.

அணியில் இன்னொருத்தி டீச்சர். கணக்கு டீச்சர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் நாங்கள் இருவரும் ஒரே அறை. அவர் குறட்டை விடுவார், நான் தூக்கத்தில் "நம்பர் சொல்லுங்க" என்பேன். புருஷன் பெண்டாட்டியைவிட எங்களுக்குள் ஒத்துப்போகும்.

அந்த வருஷம் அணிக்கான தேர்வுப் போட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஒன்பது சுற்று, முதல் நான்கு இடத்துக்கு வருகிறவர்கள் அணியில். எட்டுச் சுற்று முடிந்தபோது முதல் இரண்டு இடங்கள் முடிவாகிவிட்டன. எனக்கும் டீச்சருக்கும் ஆறு ஆறு புள்ளி. எங்களுக்கு அடுத்து ஐந்து புள்ளியோடு ஒரு சின்னப் பெண். இருபத்துநான்கு வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டியூட்டி முடித்துவிட்டு வெள்ளைக் காலணியோடு அப்படியே வந்து உட்காருவாள். கொட்டாவி விட்டுக்கொண்டே ஆளை அடிப்பாள்.

கடைசிச் சுற்றில் எனக்கும் டீச்சருக்கும் ஆட்டம் என்று பலகையில் ஒட்டினார்கள். கணக்கு எளிது. எங்களில் ஒருத்தி தோற்று, நர்ஸ் தன் ஆட்டத்தில் ஜெயித்தால், தோற்றவளும் நர்ஸும் ஆறு ஆறு. மறுநாள் காலை இருவருக்கும் ஓர் ஆட்டம் வைத்து, ஜெயித்தவளை எடுப்பார்கள். நாங்கள் டிரா செய்தால் இரண்டு பேருக்கும் ஆறரை. நர்ஸ் தலைகீழாக நின்றாலும் ஆறுதான்.

கடைசிச் சுற்றுக்கு முதல் நாள் சாயங்காலம், தங்கியிருந்த இடத்தின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லில் டீச்சரும் நானும் துணி அலசிக்கொண்டிருந்தோம். பேச்சை ஆரம்பித்தது நான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் டீச்சர் இப்போது உயிரோடு இல்லை, போனவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கக் கூடாது.

"டீச்சர், நாளைக்கு நாம எதுக்கு அடிச்சுக்கணும்?"

"அடிச்சுக்கறதா? நீ அடிப்ப, நான் வாங்கிப்பேன். வழக்கம்தானே."

"விளையாட்டுக்குச் சொல்லலை. ஆளுக்கு அரை. ரெண்டு பேரும் உள்ள."

டீச்சர் போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் முறுக்கினோம். தண்ணீர் கொட்டியது.

"அந்த நர்ஸுப் பொண்ணு?" என்றார்.

"சின்னவதானே. அடுத்த வருஷம் வருவா."

டீச்சர் போர்வையை உதறிக் கொடியில் போட்டார். பிறகு டீச்சர் கேட்டார்: "முப்பது நகர்த்தல் விதி இருக்கே, அதுக்கு என்ன பண்ணுவே?"

சரியா தப்பா என்று கேட்காமல் விதியைக் கேட்டார் பாருங்கள், அப்போதே தெரிந்தது, சம்மதித்துவிட்டார் என்று.

அந்த விதி இது. முப்பது நகர்த்தலுக்கு முன்னால் இருவரும் பேசிக் கை குலுக்கி டிரா செய்யக் கூடாது. எங்களைப் போன்றவர்களுக்காகவே போட்ட விதி. ஆனால் பலகையில் ஒரே நிலை மூன்று தடவை வந்தால் ஆடுகிறவர் டிரா கேட்கலாம், அதை எந்த நடுவரும் தடுக்க முடியாது. எனவே நாங்கள் ஓர் ஆட்டத்தையே எழுதினோம். புதுச் சோப்பின் உறையைப் பிரித்து, உட்பக்க வெள்ளையில் டீச்சரின் பேனாவால் பதினேழு நகர்த்தல். எனக்கு வெள்ளைக் காய், அவருக்குக் கறுப்பு. கடைசியில் என் மந்திரி அவர் ராணியைத் துரத்தும், ராணி ஒதுங்கும், மந்திரி திரும்பும், ராணியும் திரும்பும். மூன்று தடவை. டிரா. மண்டபத்தில் யாருக்கும் சந்தேகம் வராதபடி நடுவில் ஒரு சிப்பாயைத் தியாகம் செய்வதுபோலக்கூட வைத்தோம். டீச்சர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி வாய்க்குள் முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். பிறகு உறையைக் கிழித்துச் சாக்கடையில் விட்டோம். கை முழுக்கச் சோப்பு வாசனை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆட்டம். எங்கள் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய காட்சிப் பலகை. நாங்கள் நகர்த்துவதைப் பார்த்து ஒருவர் அதில் காய்களை மாட்டுவார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்வையாளர்கள். அறுபது எழுபது பேர் இருப்பார்கள், எல்லோரும் ஆட்டம் தெரிந்தவர்கள்.

இப்போது சதுரங்கம் தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். என் ராணியும் டீச்சரின் ராணியும் ஒரே நேர்கோட்டில் வரும். நடுவில் என் மந்திரி மட்டும் திரை மாதிரி நிற்கும். அந்தத் திரை, டீச்சரின் ராஜாவுக்குச் செக் வைத்துக்கொண்டே விலகினால், அவர் ராஜாவைத்தான் காப்பாற்ற முடியும். ராணியை நான் எடுத்துக்கொள்வேன். அப்படி ஆகாமல் இருக்க, டீச்சர் தன் மந்திரியை ராஜா பக்கத்தில் ஒரு கட்டம் முன்னால் வைத்துவிட வேண்டும். தாழ்ப்பாள் மாதிரி. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் குதிரை, அதற்குப் பிறகுதான் ராணி. சோப்பு உறையில் அப்படித்தான் எழுதியிருந்தோம்.

ஏழாவது நகர்த்தலில் டீச்சர் தாழ்ப்பாளை மறந்தார். குதிரையால் வெட்டினார்.

உறையில் 'குதிரை வெட்டும், நான் குதிரையால் வெட்டுவேன், ராணி வெட்டும்' என்று இருந்தது. என் கையும் மனப்பாடத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. வெட்டினேன். கடிகாரத்தை அமுக்கினேன். டீச்சர் உடனே ராணியால் வெட்டினார். கடிகாரத்தை அமுக்கினார்.

அப்புறம்தான் இரண்டு பேரும் பலகையைப் பார்த்தோம்.

யோசித்து ஆடியிருந்தால் டீச்சர் ஜன்மத்தில் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் செய்ய மாட்டார்கள். ஒப்பித்ததால் வந்த தப்பு. பாட்டில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவோமே, அது மாதிரி.

தாளில் நகர்த்தலை எழுதிக்கொண்டிருந்த டீச்சரின் பேனா பாதியில் நின்றது. அவர் நிமிரவில்லை. நெற்றியில் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு வியர்வைத் துளி கிளம்பி மூக்குவரை வந்தது. மேசைக்கு அடியில் அவர் செருப்பு என் செருப்பின்மேல் பட்டது. தெரியாமல் பட்டதா, கெஞ்சினாரா, இன்றுவரை தெரியாது.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மந்திரியை நகர்த்தினால் ராணி என் கையில். ஆட்டம் முடிந்தது. ஆனால் டீச்சர் என்னை நம்பி வந்தவர். அவரை மறுநாள் அந்த நர்ஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். எடுக்காமல் விட்டாலோ, கயிற்றுக்கு அந்தப் பக்கம் எழுபது பேர். ஆறு வருஷமாக அணியில் இருக்கிறவளுக்கு இது தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எனக்கு வாய்த்தது சோறே இல்லாத தட்டு.

எழுத வந்தாயிற்று, இதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்துவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை தோன்றியது. நியாயத்துக்காக இல்லை. ஜெயித்தால் ஏழு புள்ளி, அணியில் மூன்றாவது இடம் எனக்கே கிடைக்கும் என்றுதான். அந்தப் பெண்ணின் முகம் அந்த நேரத்தில் என் மனசில் வரவே இல்லை.

காட்சிப் பலகைக்காரர் ராணியை மாட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். தான்தான் தப்பாக மாட்டிவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். மெல்ல எங்கள் மேசைக்கு வந்தார். எங்கள் பலகையைப் பார்த்தார். என் தாளைக் குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்தேன். அவர் திரும்பிப் போய் அந்த ராணியை ஒரு தடவை தொட்டுச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் கயிற்றுக்குப் பின்னால் வெள்ளைக் காலணி தெரிந்தது. நர்ஸ் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்து நின்றாள். ஜெயித்துவிட்டாள் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. காட்சிப் பலகையைப் பார்த்தாள். அவள் கண் பெரிதாயிற்று. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், சந்தோஷத்தை மறைக்கத்தான். அவளுக்கு மறுநாள் காலை ஓர் ஆட்டம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

நான் ராஜாவைத் தூக்கி, யானையைத் தாண்ட வைத்துக் கோட்டை கட்டினேன். ஒன்பதாவது நகர்த்தல். கடிகாரத்தை அமுக்கினேன்.

மண்டபத்தில் ஒரு சத்தம் வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. எழுபது பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்டால் எப்படி இருக்கும், அப்படி. பின்னால் ஒருவர் 'ஹ' என்று சிரித்தார். டீச்சரின் கை பாய்ந்து தாழ்ப்பாள் மந்திரியை வைத்தது. வைத்ததும் உறையில் இருந்த நிலையே பலகையில் வந்துவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

மீதி எட்டு நகர்த்தலும் மடமடவென்று போயிற்று. துரத்தல், ஒதுங்கல், திரும்பல். நான் தாளில் அடுத்த நகர்த்தலை எழுதிவிட்டு, அதைப் பலகையில் ஆடாமல், கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். ஒரே நிலை மூன்று தடவை வருகிறது என்று டிரா கேட்பதற்கு அதுதான் முறை. நடுவர் வந்தார். நெட்டையான மனிதர், எப்போதும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்திருப்பார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரண்டு தாள்களையும் வரிவரியாகச் சரிபார்த்தார். ஒன்பதாவது வரியில் அவர் விரல் கொஞ்சம் நின்றது.

"விதிப்படி சரி," என்றார்.

இரண்டே சொல். அதில் முதல் சொல்லை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. கடிகாரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்காமலே போனார்.

ஆட்டம் முடிந்தால் இருவரும் உட்கார்ந்து, எங்கே என்ன ஆயிற்று என்று காய்களை நகர்த்திப் பேசுவது வழக்கம். நாங்கள் பேசவில்லை. டீச்சர் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. நான் காய்களை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் யாரோ உட்கார்ந்தார்கள். நர்ஸ்.

"அக்கா, ஒரு நிமிஷம். தப்பா எடுத்துக்காதீங்க." பெட்டியிலிருந்து காய்களை எடுத்து, அந்த நிலையை அப்படியே வைத்தாள். நர்ஸ் கை, ஒரு காய்கூடக் கோணவில்லை. "இங்க மந்திரி செக் வெச்சா ராணி வருது இல்ல? எனக்குத் தெரியாம ஏதாவது பதில் இருக்கா? கத்துக்கலாம்னுதான் கேக்கறேன்."

கிண்டலாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் உண்மையாகவே கேட்டாள். நான் ஆறு வருஷம் அணியில் ஆடினவள், என்னிடம் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தாள்.

"பாக்கலை," என்றேன்.

"பாக்கலையா?"

"பாக்கலைம்மா. கண்ணு அந்தப் பக்கமே போகலை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். "எனக்கும் அப்படி ஆகும்கா. நைட் டியூட்டி முடிஞ்சு வந்தா என் ராணியே எங்கேன்னு தேடுவேன்," என்று சொல்லி, காய்களைத் திரும்பப் பெட்டியில் போட எனக்கு உதவினாள். கடைசியாக ராணியை என் கையில் கொடுத்தாள். நான் அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். அப்போதுதான் முதல்தடவையாக உடம்பெல்லாம் கூசியது.

மறுவாரம் போட்டிப் புத்தகம் வந்தது. எங்கள் ஆட்டத்தை முழுதாகப் போட்டிருந்தார்கள். டீச்சரின் எட்டாவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி. என் ஒன்பதாவதற்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி. படுமோசமான தப்பு என்று அர்த்தம். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது, கேட்டுக்கொள்ளுங்கள். முட்டாள் என்று ஊர் சொன்னால் போதும், வேறு எதுவும் சொல்லாமல் இருந்தால் சரி என்று நினைக்கிற நிலைமைக்கு வந்திருந்தேன்.

அணியில் இருந்தேன். மாமியார் பேச்சு மாறாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். இன்னும் ஐந்து வருஷம் ஆடினேன். ஆனால் டீச்சரும் நானும் அதற்குப் பிறகு ஒரே அறையில் தங்கவில்லை. அவர் குறட்டையைச் சாக்குச் சொன்னார், நான் என் தூக்கப்பேச்சைச் சாக்குச் சொன்னேன். அதற்கப்புறம் எங்களுக்குள் மூன்று ஆட்டம் வந்தது. மூன்றும் அடிதடி, ஒன்றுகூட டிரா இல்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் எப்படி அடித்துக்கொண்டோம் தெரியுமா? நான்கு வருஷத்துக்கு முன்னால் அவரைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "மந்திரியை முதல்ல வெச்சிருக்கணும்டி," என்றார். அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். அந்த மந்திரியை மட்டும் சரியான நேரத்தில் வைத்திருந்தால் இது தப்பே இல்லை என்பது மாதிரி இரண்டு கிழவிகளும் தலையாட்டிக்கொண்டோம்.

நர்ஸ் மறுவருஷம் வந்தாள், ஐந்தாவது இடம். அதற்கடுத்த வருஷம் வரவில்லை. டியூட்டி மாற்றித் தரவில்லை என்றார்கள். அப்புறம் வரவே இல்லை. 'அடுத்த வருஷம் வருவா' என்று போர்வையை முறுக்கிக்கொண்டு சொன்னேனே, அது இதுதான்.

இப்போது பழைய ஆட்டக்காரிகளுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. அதில் அவளும் இருக்கிறாள். காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு வணக்கம் சொல்வாள். நான் பதிலுக்குச் செம்பருத்தி போடுவேன். மூன்று வருஷமாகப் பூவுக்குப் பூ. ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

மாப்பிள்ளையிடம் அந்தப் பொய்யைத் திரும்பச் சொன்ன மறுநாள், காலை பத்து மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். மூன்று தடவை எண்ணை அழுத்தி அழுத்தி வைத்தேன். தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவளுக்கு ஒரு எண்ணை அழுத்தக் கை வரவில்லை.

"அக்கா, என்ன அதிசயம், பூ அனுப்பாம ஃபோன்லயே வந்துட்டீங்க," என்று சிரித்தாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறதாம். உடம்பு, கண், மகன் வேலை எல்லாம் விசாரித்து முடித்தோம். விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு டீச்சரோட ஆட்டத்துல..."

"ம்."

"பாக்கலைன்னு சொன்னேன் உன்கிட்ட. பாத்தேன். முன்னாடி நாளே பேசி வெச்சுக்கிட்டோம். பேச்சை எடுத்தது நான்தான்."

அந்தப் பக்கம் எங்கோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மூடியிருப்பாள்.

"தெரியும்கா," என்றாள்.

"தெரியுமா?"

"அப்பவே தெரியும். நான் பலகையை மட்டும் பாக்கலை, உங்க கடிகாரத்தையும் பாத்தேன். டீச்சர் பக்கம் ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, உங்க பக்கம் இருபத்தாறு. ராணி இருக்கறது தெரியாதவங்க கோட்டை கட்ட எதுக்குக்கா இருபத்தாறு நிமிஷம் யோசிக்கணும்?"

 எழுபது பேர், நடுவர், போட்டிப் புத்தகம், இப்போது யந்திரம், எல்லோரையும் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் அத்தனை நேரமும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாட்சி சொல்லியிருக்கிறது.

"அப்புறம் ஏன் வந்து கேட்டே?"

"நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். அப்போ நான் நல்லாத் திட்டுவேன்." சிரித்தாள். "நாலு டியூட்டி மாத்திட்டு வந்தேன்கா, அந்த மறுநாள் காலைக்காக. ஆட்டம் இல்லேன்னதும் என்ன பண்றதுன்னு தெரியலை. சும்மா அந்தப் பள்ளிக்கூட வாசல்ல போய் உக்காந்துட்டு வந்தேன்."

 மன்னிச்சுடும்மா என்றேன். சரிக்கா என்றாள். சாமான் வாங்கிவரச் சொன்னால் சரி என்போமே, அந்தச் சரி. வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் நான் அவசரமாக ஒன்று சொன்னேன்.

"அந்த ஆட்டத்தை இப்ப ஆடலாமா? நான் கெளம்பி வரேன். இல்லேன்னா கைபேசியிலயே ஆடலாம், மாப்பிள்ளை சொல்லித் தருவார். நீ எப்பச் சொல்றியோ அப்ப."

 மெல்லத்தான் சொன்னாள், கோபமே இல்லை.

"வேண்டாம்கா. தோத்தா தோத்ததுதான், பரவாயில்லை. ஜெயிச்சுட்டேன்னு வைங்க. நீங்க பாக்கலையா, பாத்துட்டு விட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கைபேசியை வைத்த பிறகும் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை இந்த ஆட்டம். என்னோடு உட்கார்ந்து அதை ஆட அவளுக்கு வழியில்லாமல் செய்துவிட்டேன். அவளுக்கு மட்டும்தானா என்று யோசிக்க இன்னும் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "பாத்தேன் மாப்பிள்ளை, பாத்துட்டுத்தான் விட்டேன்," என்று முழுதும் சொன்னேன்.  கடைசியில், "சரி அத்தை, வேளைக்கு மாத்திரை போட்டீங்களா?" என்றார். நல்ல பிள்ளை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு வாரமாக, வாங்க அத்தை ஒரு ஆட்டம் போடலாம் என்று அவர் கூப்பிடவில்லை. வேலை அதிகமாக இருக்கலாம்.

நர்ஸ் வழக்கம்போல் காலையில் ரோஜாப்பூ போடுகிறாள். நான் இன்னும் பதிலுக்குச் செம்பருத்தி போடவில்லை. விரல் போகவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி ஒன்று இருக்கும். பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னது. ஆட்டத்தில்தான் என்று இல்லை, அலுவலகத்தில், வீட்டில், அண்ணன் தம்பிக்குள், எங்கேயாவது. சொன்னீர்களா, சொல்லாமலே விட்டுவிட்டீர்களா, சொன்ன பிறகு அவர்கள் உங்களோடு பழையபடி உட்கார்ந்தார்களா? கீழே எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். நான் எல்லாவற்றையும் படிப்பேன், ஒற்றை விரலால் என்றாலும் ஒவ்வொருவருக்கும் பதில் போடுவேன்.